எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்குப் பங்கில் துணைநிற்பது எப்படி: யாழ்ப்பாணத்துப் பணியாளருக்கு ஒரு வழிகாட்டி

கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், பணிசெய்யும் வின்சென்ட் தே பவுல் சபையினர், மரியாயின் சேனையினர், அன்பியங்கள் எனப்படும் அயற்குடும்பச் செபக்குழுக்களை நடத்துவோர், வைத்தியசாலைகளில் நோயாளரைச் சந்திக்கும் அருட்சகோதரிகள் ஆகியோரிடம் எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் வந்து மனந்திறந்தால் என்ன செய்யவேண்டும், எதைச் சொல்லாமல் விடவேண்டும், திருச்சபையின் ஒழுக்கப் போதனையை அந்த உரையாடலில் எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்பதை விளக்குவதற்காக இது எழுதப்படுகிறது. குருக்களுக்கும் சில பகுதிகள் பயன்படலாம்; ஆயினும் திருச்சபைச் சட்டத்தின் நுணுக்கங்களை இங்கே தொட்டுக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987 இல். அன்று முதல் இன்று வரை வளர்ந்தோரிடையே தொற்று விகிதம் 0.1 சதவீதத்துக்கும் கீழேயே இருந்துவருகிறது. 1990களின் தொடக்கத்தில் உகண்டாவில் இவ்விகிதம் சுமார் 15 சதவீதத்தை எட்டியிருந்தது என்பதோடு ஒப்பிட்டால் நாம் நல்ல நிலையில் இருக்கிறோம் என்று தோன்றும். நாடு என்ற அளவில் அது உண்மைதான். தொற்றுக்குள்ளான தனியாளின் நிலை வேறு. உகண்டாவில் பல குடும்பங்கள் ஒருவரையாவது இழந்துகொண்டிருந்ததால், நோயை மறைக்கவும் முடியவில்லை, ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டவும் முடியவில்லை. இங்கோ ஒரு கிராமத்தில் ஒருவருக்கே இருக்கலாம். அவரைப் போன்ற இன்னொருவரை அவர் தம் வாழ்நாளில் கண்டிருக்கவே மாட்டார். பாசையூரிலோ இளவாலையிலோ ஒரு ஒழுங்கையில் காலையில் கசிந்த செய்தி மாலைக்குள் கனடாவிலுள்ள உறவினருக்கும் போய்ச்சேர்ந்துவிடும்.

இந்த வேறுபாட்டை முதலிலேயே மனதிற் கொள்ளாதவர், பிற நாட்டுத் திருச்சபைகள் செய்த நல்ல காரியத்தை இங்கே அப்படியே செய்யப்போய் நோயாளருக்குத் தீங்கு விளைவிப்பார். உகண்டாவின் மசாக்காப் பகுதியில் உள்ள கித்தோவு கத்தோலிக்க மருத்துவமனை 1987 இல் நடமாடும் வீட்டுப் பராமரிப்புச் சேவை ஒன்றைத் தொடங்கி, படுக்கையில் கிடந்தவர்களை அவர்களுடைய வீடுகளுக்கே சென்று பராமரித்தது. எங்கள் ஊரில் திருச்சபை நிறுவனம் ஒன்றின் பெயர் எழுதிய வாகனம் ஒரு வீட்டு வாசலில் மாதம் தவறாமல் நின்றால், அந்த வீட்டின் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசி யாரும் வரமாட்டார்கள். ஆகவே இங்கே நோயாளர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் நேரத்தில், அவர் கேட்ட அளவுக்கு மட்டுமே சந்திப்பது என்பதை முதல் விதியாகக் கொள்ளவேண்டும்.

யாரும் வருவதற்கு முன்பே கற்கவேண்டியவை

மருத்துவ விடயங்களை வைத்தியரிடம் விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் உள்ளனர். சிகிச்சையை அவரிடம் விடலாம். அடிப்படை அறிவை விடமுடியாது. ஏனெனில் தவறான அறிவோடு நாம் சொல்லும் ஒரு வார்த்தை, கோவிலின் வார்த்தையாகவே கேட்கப்படும்.

பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதி, பகிர்ந்து பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து பிள்ளை ஆகிய வழிகளிலேயே இக்கிருமி தொற்றுகிறது. உமிழ்நீரால், வியர்வையால், நுளம்புக்கடியால், ஒரே பாத்திரத்தில் உண்பதால் தொற்றாது. எனவே நற்கருணைக் கிண்ணத்தைப் பகிர்வதிலோ, சமாதானம் கூறிக் கைகொடுப்பதிலோ, நோயாளருக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனமான நோயிற்பூசுதலின்போது நெற்றியையும் கைகளையும் தொடுவதிலோ எந்த ஆபத்தும் இல்லை. பராமரிப்பவரின் கையில் ஊசி குத்திவிட்டால், 72 மணித்தியாலங்களுக்குள், இயன்றவரை அதற்கும் முன்பே, வைத்தியசாலைக்குச் சென்று 28 நாட்கள் எடுக்கவேண்டிய தடுப்பு மருந்தைக் கேட்டுப் பெறவேண்டும். மறுநாள் பார்ப்போம் என்று விடக்கூடாது.

மருந்தைப் பற்றிய அறிவே இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. கிருமியை முற்றாக அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நாள்தோறும் தவறாது மருந்து எடுப்பவரின் குருதியில் கிருமி அளவிட முடியாத மட்டத்துக்குக் குறைகிறது, அந்த மட்டம் நிலைத்திருக்கும்வரை உடலுறவினால் அவரிடமிருந்து வாழ்க்கைத்துணைக்குத் தொற்றுவதில்லை. 2011 இல் வெளியான எச்.பி.ரி.என். 052 என்னும் ஆய்வில், ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 தம்பதியரிடையே, முன்கூட்டியே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. அதன்பின் வந்த ஆய்வுகள் இதை மேலும் உறுதிசெய்தன. இலங்கையில் இம்மருந்து அரச சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. கர்ப்பவதிக் கிளினிக்குகளில் தாய்மாருக்குச் செய்யப்படும் பரிசோதனையின் பயனாக, தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்றளித்தது. தொற்றுள்ள பெண் பிள்ளை பெறக்கூடாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

முதற் சந்திப்பு

வந்தவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாது கேளுங்கள். “எப்பிடித் தொத்தினது?” என்று கேட்காதீர்கள். இந்தக் கேள்வி அனுதாபத்தோடு கேட்கப்பட்டாலும், விடையைப் பொறுத்தே உங்கள் இரக்கம் அமையும் என்ற பொருளையே நோயாளருக்குத் தருகிறது. கணவனிடமிருந்து தொற்றிய மனைவிக்கு ஓர் இரக்கம், வளைகுடாவில் வேலை செய்து திரும்பியவருக்கு வேறோர் இரக்கம், போதை ஊசி போட்டவருக்கு அதிலும் குறைந்த இரக்கம், ஆணோடு உறவுகொண்ட ஆணுக்கு இரக்கமே இல்லை என்று ஒரு படிவரிசை நம்மில் பலருடைய மனதில் எழுதப்படாமலே இருக்கிறது. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்ட சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா? இயேசு அந்தக் கேள்வியையே ஏற்க மறுத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2358 ஆம் எண், ஓரினச்சேர்க்கை நாட்டமுள்ளோரை மதிப்போடும் பரிவோடும் நுண்ணுணர்வோடும் ஏற்கவேண்டும் என்றும், அநீதியான பாகுபாட்டின் எந்த அடையாளமும் காட்டலாகாது என்றும் கூறுகிறது. அச்செயல்களைப் பற்றிய போதனையை அந்நூல் தளர்த்தவில்லை. அந்தப் போதனையைச் சாட்டாக வைத்து ஒருவரைத் தள்ளிவைக்க இடமுங் கொடுக்கவில்லை.

அடுத்து, அவர் பரிசோதனை செய்தவரா, செய்யப் பயந்திருப்பவரா என்பதை அறியுங்கள். பயந்திருப்பவரை யாழ். போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். யாருடைய சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை. அங்கே தெரிந்த முகத்தைக் கண்டுவிடுவோமோ என்று அஞ்சுபவர் வேறு மாவட்டத்திலோ கொழும்பிலோ உள்ள நிலையத்துக்குப் போகலாம். பேருந்துச் செலவு இல்லாதவருக்கு அதைக் கொடுங்கள். சபையின் கணக்கில் அதை “வைத்தியப் பயணச் செலவு” என்று மட்டும் எழுதினால் போதும், பெயரும் காரணமும் வேண்டாம். துணைக்கு வரச்சொல்லிக் கேட்டால் செல்லுங்கள், கேட்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஏற்கெனவே கண்டறியப்பட்டவராயின், மருந்து தொடங்கியிருக்கிறாரா, தவறாமல் எடுக்கிறாரா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்னும் மூன்றையும் அவர் விரும்பும் அளவுக்கு மட்டும் பேசுங்கள்.

இரகசியத்தைப் பற்றி அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். “நீங்கள் சொன்னது என்னோடை இருக்கும், சுவாமியிட்டைச் சொல்லுறதெண்டாலும் உங்களைக் கேட்டுத்தான் சொல்லுவன்” என்பது போன்ற ஒரு வாக்கியம் வேண்டும். பின்னர் அதைக் காக்கவும் வேண்டும். நம் குழுக்களின் கூட்டங்களில் அறிக்கை வாசிக்கும் வழக்கம் உண்டு. நோயாளர் சந்திப்பு இத்தனை என்று எண்ணிக்கை சொல்லும்போதே பெயர்களும் வந்துவிழுகின்றன. இப்படியானவரின் பெயர் அறிக்கைப் புத்தகத்தில் ஏறக்கூடாது. இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். யாருக்கேனும் இரகசியமாக மன்றாடும்படி அன்பியத்தில் கேட்பது, இரகசியத்தை விரைவாகப் பரப்பும் வழிகளில் ஒன்று, “ஒரு குடும்பம், பெயர் சொல்லமாட்டன், எயிட்ஸ் எண்டு...” என்று தொடங்கினாலே மிச்சத்தைக் கேட்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போதனையை எங்கே வைப்பது

திருமணத்துக்குள் மட்டுமே உடலுறவு, திருமணத்தில் பிரமாணிக்கம், திருமணத்துக்கு வெளியே கற்பு என்பதே திருச்சபையின் போதனை. அதை மாற்றிச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை, மாற்றவேண்டிய தேவையும் இல்லை. உகண்டாவில் தொற்று குறைந்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மக்கள் தம் பாலியல் துணைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டமை அவற்றுள் முக்கியமானது என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர். எனவே இப்போதனை நோய்த்தடுப்புக்குப் பயனற்றது என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் அதற்குரிய இடம் மறைக்கல்வி வகுப்பும், இளையோர் ஒன்றியமும், திருமண ஆயத்த வகுப்பும்தான். நோய் வந்தபின் படுக்கையருகில் அதைச் சொன்னால், உண்மையான போதனையே தண்டனைத் தீர்ப்பாக மாறிவிடும். இங்கே பலரும் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள்: பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கப்பட்டு வாய்திறக்காதவர்கள், நோயாளருக்கு முன்னால் பிரசங்கம் செய்கிறார்கள். தொற்றுள்ளவர் தம் கடந்தகாலத்தைப் பற்றித் தாமாகப் பேசவிரும்பினால், அதற்கு ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) உண்டு. நீங்கள் செய்யவேண்டியது, அவர் விரும்பும் குருவிடம் போக வழிசெய்வது. சொந்தப் பங்குத்தந்தையிடம் போகக் கூச்சப்படுபவர் வேறு பங்குக்கோ, கொழும்புத்துறைக் குருமடத்தில் உள்ள ஒரு குருவிடமோ போகலாம்.

மறையுரைகளில் இந்நோயைக் கடவுளின் சாபம் என்று கூறக் கேட்டால், மௌனமாக இருக்காமல், பூசைக்குப் பின்னர் அந்தக் குருவைத் தனியே சந்தித்து மரியாதையோடு எடுத்துச்சொல்லுங்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987 செப்டெம்பரில், இந்நோய்க்கு நிலைத்த பயன்தரும் மருந்து இல்லாத காலத்தில், சான் பிரான்சிஸ்கோவில் எயிட்ஸ் நோயாளரைச் சந்தித்து, நோய் தொற்றியிருந்த ஒரு சிறுவனைத் தூக்கி அணைத்துக்கொண்டார் என்பதை நினைவூட்டினால் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

தம்பதியரில் ஒருவருக்குத் தொற்று இருந்தால்

பணியாளர் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. கணவனுக்குத் தொற்று உண்டு, மனைவிக்கு இல்லை, வைத்தியர் ஆணுறை பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார், இருவரும் பக்தியுள்ளவர்கள், பாவமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லும் எவரும், அவர் எந்தப் பக்கம் நின்றாலும், வரலாற்றை முழுமையாக அறியாதவர்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 இல் வெளியிட்ட ‘மனித உயிர்’ சுற்றுமடலின் 14 ஆம் எண், தம்பதியரின் உறவைக் கருத்தரிக்காதபடி வேண்டுமென்றே தடுக்கும் செயலை விலக்குகிறது. 15 ஆம் எண், உடல் நோயைக் குணமாக்கத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்புத் தடைப்படினும், அந்தத் தடை நோக்கமாக இல்லாதவரை, சிகிச்சையை அது விலக்குவதில்லை என்கிறது. ஆணுறையைக் கருத்தடைக்காக அல்லாமல் தொற்றைத் தடுப்பதற்காக மட்டும் தம்பதியர் பயன்படுத்துவது இவ்விரண்டில் எதன்கீழ் வரும் என்பதே பிரச்சினை. நோக்கம் எதுவாயினும் செயலின் இயல்பு கெடுகிறது என்பர் ஒரு சாரார். உயிரைக் காக்கும் நோக்கமே அச்செயல் என்ன என்பதைத் தீர்மானிக்கிறது என்பர் மறு சாரார்.

ஆயர்களிடையேயும் ஒரே குரல் இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்க ஆயர்களின் நிர்வாகக் குழு 1987 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஆணுறை பற்றிய தகவல் பொதுக் கல்வியில் இடம்பெறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. அது பெரும் விவாதத்தைக் கிளப்பியது, 1989 இல் ஆயர் பேரவை வெளியிட்ட அறிக்கையில் அந்தத் தொனி இல்லை. தென்னாபிரிக்க ஆயர் பேரவை 2001 ஜூலையில், ஆணுறையைப் பரப்பும் இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தது. அதே அறிக்கையில், ஒருவருக்குத் தொற்றுள்ள தம்பதியர் தம் மனச்சான்றைக் கேட்டு முடிவெடுக்கவேண்டியவர்கள் என்றும் ஒப்புக்கொண்டது. அவர்களுள் ஒருவரான ருஸ்டன்பர்க் ஆயர் கெவின் டௌலிங், உயிரைக் காப்பதற்கு ஆணுறையை அனுமதிக்கவேண்டும் என்று வெளிப்படையாகவே வாதிட்டார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ற் 2009 மார்ச்சில் கமரூன் செல்லும் விமானத்தில், ஆணுறை விநியோகத்தால் இப்பிரச்சினையைத் தீர்க்கமுடியாது என்று கூறியது உலகெங்கும் கண்டனத்துக்குள்ளானது. 2010 இல் வெளியான நேர்காணல் நூலிலோ, விலைக்கு உடலை விற்கும் ஆண் ஒருவர் தொற்றைத் தடுக்க அதைப் பயன்படுத்துவது, பொறுப்புணர்வை நோக்கிய முதலடியாகச் சில வேளைகளில் இருக்கலாம் என்றார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே, போதனைக்குப் பொறுப்பான வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், இது கருத்தடை பற்றிய போதனையை மாற்றவில்லை என்று விளக்கம் வெளியிட்டது. தொற்றுள்ள தம்பதியர் பற்றிய தனிக் கேள்வியை அந்த விளக்கம் தீர்த்துவைக்கவில்லை.

ஆகவே செய்யவேண்டியது இது. வைத்தியரின் ஆலோசனையை மறுத்துப் பேசாதீர்கள். ஆணுறையில் கிருமி நுழையும் துவாரங்கள் உண்டு என்று சொல்லாதீர்கள். 2003 இல் வத்திக்கானின் கர்தினால் ஒருவரே தொலைக்காட்சியில் அப்படிச் சொல்லி, உலக சுகாதார நிறுவனம் அதை மறுக்கவேண்டி வந்தது. ஒழுக்கத்தைக் காப்பாற்றப் பொய்யான அறிவியலைத் துணைக்கழைப்பது ஒழுக்கத்துக்கே கேடு. அனுமதியும் கொடுக்காதீர்கள், தடையும் விதிக்காதீர்கள். அது உங்கள் பணியன்று. அத்தம்பதியரை, இவ்விடயத்தை அறிந்த ஒரு ஒப்புரவுக் குருவிடம் இருவருமாகச் சென்று பேசச் சொல்லுங்கள்.

அதற்கு முன்பாக, இன்னும் முக்கியமாக, மருந்தைப் பற்றிப் பேசுங்கள். மேலே சொன்ன வாதங்கள் அனைத்தும், மருந்தால் தொற்றைத் தடுக்கமுடியும் என்று நிரூபணமாகாத காலத்தில் எழுந்தவை. கணவன் ஒழுங்காக மருந்து எடுத்து, பரிசோதனையில் கிருமி அளவிட முடியாத மட்டத்தில் நிலைத்திருப்பதை வைத்தியர் உறுதிசெய்தால், அம்மருந்தே மனைவிக்குக் கவசமாகிறது. அது நோய்க்கான சிகிச்சை. கருத்தரிப்பை அது தடுப்பதும் இல்லை. எந்த ஒழுக்கப் போதனையும் அதற்கு எதிராக இல்லை. பிள்ளை வேண்டும் என்று விரும்பும் இளந்தம்பதியருக்கும் இதே வழிதான் திறந்திருக்கிறது. அந்த மட்டத்தை எட்டச் சில மாதங்கள் எடுக்கலாம். அதுவரை உறவைத் தவிர்க்க இருவரும் மனமொத்து முடிவுசெய்வது சிறந்தது. அதைச் சொல்லும்போது, முடியாதவர்கள் இருப்பார்கள் என்பதையும், மனைவி மறுத்தும் கணவன் வற்புறுத்தும் வீடுகள் உண்டு என்பதையும் மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

துணையிடம் சொல்ல மறுப்பவர்

தொற்று இருப்பதை மனைவியிடம் மறைக்கும் கணவனும், கணவனிடம் மறைக்கும் மனைவியும் உண்டு. மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயமே; அடிப்பார், வீட்டை விட்டுத் துரத்துவார், பிள்ளைகளைப் பறித்துக்கொள்வார் என்ற பயம். அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டு என்றால், பெண்ணின் பாதுகாப்புக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டே சொல்லும் நாளைத் தீர்மானிக்கவேண்டும்.

அதே வேளை, வாழ்க்கைத்துணையை அறியாமையில் வைத்துக்கொண்டு ஆபத்துக்குள்ளாக்குவது கொலை செய்யாதே என்னும் கட்டளைக்கே எதிரானது என்பதை மறைக்காமல் எடுத்துரைக்கவேண்டும். சிகிச்சை நிலையத்தில் துணைக்கு அறிவிக்கும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். தனியாகச் சொல்ல முடியாதவர் அவர்களுடைய உதவியோடு சொல்லலாம். நீங்களாகவே போய் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள். நோயாளர் அன்றே மருந்தையும் நிலையத்தையும் கைவிட்டுத் தலைமறைவானால், அந்த மனைவிக்கு ஆபத்து குறையாது, கூடும்.

குருவுக்கு இதில் வேறொரு கடமை. ஒப்புரவில் அறிந்ததை எவருக்கும், எக்காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. திருச்சபைச் சட்டத்தின் 983 ஆம் பிரிவு அதை முற்றாகத் தடுக்கிறது, 984 ஆம் பிரிவு அந்த அறிவை ஒப்புரவு பெற்றவருக்குப் பாதகமாகப் பயன்படுத்துவதைக்கூடத் தடுக்கிறது. ஒப்புரவுக்குள்ளேயே, இனித் துணையை ஆபத்துக்குள்ளாக்கமாட்டேன் என்ற தீர்மானம் உண்மையான மனத்துயரின் பகுதி என்பதை அவர் விளக்கலாம், விளக்கவும் வேண்டும்.

திருமணத்துக்கு முன்னர் மறைப்பது இன்னும் பாரதூரமானது. எச்.ஐ.வி. தொற்று திருமணத்துக்குத் தடை அல்ல. தொற்றுள்ளவரும் கோவிலில் திருமணம் செய்யலாம். ஆனால் சம்மதத்தைப் பெறுவதற்காகவே, இல்லற வாழ்வைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய ஒன்றை ஏமாற்றி மறைத்தால், 1098 ஆம் பிரிவின்படி அந்தத் திருமணமே செல்லாததாகலாம். வெளிநாட்டு மாப்பிள்ளை இரண்டு கிழமை விடுமுறையில் வந்து, தாலிகட்டித் திரும்பிவிடும் நம்முடைய சூழலில், ஒருவரையொருவர் அறிய நேரமே இருப்பதில்லை. திருமண ஆயத்த வகுப்புகளில், இரு தரப்பாரும் மனமுவந்து குருதிப் பரிசோதனை செய்து முடிவை ஒருவருக்கொருவர் காட்டும்படி ஊக்குவிப்பது நல்லது. பங்கு அதைக் கட்டாயமாக்கவோ, முடிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவோ கூடாது. பெண்ணுக்கு மட்டும் பரிசோதனை கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம், முதலில் உங்கள் மகனின் முடிவைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லத் தயங்கவேண்டாம்.

குணமளிக்கும் வழிபாடும் குளிசையும்

செபக்கூட்டத்தில் தலையில் கைவைத்துச் செபித்தபின் குளிசையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மருந்தால் கிருமி அளவிட முடியாத மட்டத்தில் இருக்கும்போது எடுத்த பரிசோதனை அறிக்கையை, குணமானதற்குச் சான்று என்று மேடையில் காட்டுவோரும் உண்டு. மருந்தை நிறுத்தினால் சில கிழமைகளில் கிருமி மீண்டும் பெருகும். இடைவிட்டு எடுப்பதால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகவும் வழி உண்டு. எனவே பங்கில் குணமளிக்கும் வழிபாடு நடத்த வரும் குழுவினரிடம், மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடாது, நோயின் பெயர் சொல்லிச் சாட்சியம் கூற வைக்கக்கூடாது என்னும் இரண்டையும் முன்னரே பங்குத்தந்தை சொல்லிவிடவேண்டும். செபிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செபித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிசையை மறக்காமல் போடும்படி நினைவூட்டுபவரே நல்ல செபக்குழுத் தலைவர்.

ஊரில் கதை பரவிவிட்டால்

2016 இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எச்.ஐ.வி. இருப்பதாகக் கதை பரவியது. பாடசாலைகள் அவனைச் சேர்க்க மறுத்தன. சேர்த்த பாடசாலையிலிருந்து மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கினர். அவனுக்குத் தொற்று இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவனைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்த எந்த நியாயமும் இல்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, இறுதியில் கண்டியில் ஒரு பாடசாலை அவனை ஏற்றது.

இது நம் பங்கில் நடந்தால், கதை உண்மையா பொய்யா என்ற விசாரணையில் இறங்காதீர்கள். பொய் என்று மறுப்பது, உண்மையாயிருந்தால் ஒதுக்குவது சரி என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். வெளிப்படையாகச் செய்யவேண்டியது ஒன்றே: எப்போதும்போல் அந்த வீட்டுக்குப் போவது, அங்கே தேநீர் குடிப்பது, அந்தப் பிள்ளையைப் பீடப்பணியாளர் குழுவிலோ பாடகர் குழுவிலோ தொடர்ந்து வைத்திருப்பது. மாற்கு நற்செய்தியில் இயேசு தொழுநோயாளரைத் தொட்ட பிறகே குணமாக்கினார். தொடுவதற்குக் குணமாகும்வரை அவர் காத்திருக்கவில்லை. கத்தோலிக்கப் பாடசாலைகளின் அதிபர்களோடு பங்குத்தந்தை முன்கூட்டியே பேசி, இப்படியொரு நிலை வந்தால் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து வெளியே அனுப்பமாட்டோம் என்ற உடன்பாட்டை எட்டிவைப்பது, பதற்றத்தில் முடிவெடுப்பதிலும் நல்லது.

கடும் நோயும் இறப்பும்

நோயிற்பூசுதலை இறுதி மூச்சுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. நோயால் ஆபத்து தொடங்கியபோதே பெறலாம், நிலை மோசமாகும்போது மீண்டும் பெறலாம். காலந்தாழ்த்தி நோய் கண்டறியப்பட்டு, சயரோகம் போன்ற வேறு தொற்றுகளோடு வைத்தியசாலையில் கிடப்பவர்களுக்கு இது முக்கியம். சயரோகம் காற்றால் பரவும் என்பதால், அவரைச் சந்திப்பவர் முகக்கவசம் அணிவது தகும், அது எச்.ஐ.வி.க்காக அல்ல என்பதை வீட்டாருக்கு விளங்கவைத்துவிடுங்கள்.

செத்தவீட்டில் பெட்டியை மூடி வைக்கவேண்டியதில்லை, எரிக்கவேண்டும் என்றும் இல்லை. உடலைக் குளிப்பாட்டுவோர், குருதியோ புண்ணோ இருந்தால், எந்த இறந்த உடலுக்கும் அணிவதுபோல் கையுறை அணிந்தால் போதும். வழமையான பூசையோடு சேமக்காலையில் அடக்கம் நடக்கட்டும். மரண அறிவித்தலிலோ மறையுரையிலோ காரணம் குறிப்பிடப்படக்கூடாது. குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லையே பயன்படுத்துங்கள்.

டிசம்பர் 1

உலக எயிட்ஸ் தினம் திருவருகைக் காலத்தின் தொடக்கத்தை ஒட்டி வருவதால், அந்த வாரத்து ஞாயிறு பூசையில் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வேண்டுதலைச் சேர்ப்பது எளிது. “இந்நோயுடன் வாழும் எங்கள் சகோதர சகோதரிகளுக்காக” என்று சொல்லுங்கள். ‘எயிட்ஸ் நோயாளிகளுக்காக’ என்றோ, ‘வழிதவறியவர்களுக்காக’ என்றோ சொல்லவேண்டாம். அந்த வாரத்தில் யாழ். போதனா வைத்தியசாலையின் அப்பிரிவிலிருந்து ஒரு வைத்தியரையோ தாதியையோ இளையோர் ஒன்றியத்துக்கு அழைத்துப் பேசவைக்கலாம். அவர் ஆணுறை பற்றிப் பேசக்கூடும். அதற்குத் தடை போடாமல், அவர் போனபின் திருச்சபையின் போதனையைப் பங்குத்தந்தை தாமே விளக்குவது நேர்மையான ஏற்பாடு. தொற்றுள்ள ஒருவரை முன்னால் நிறுத்திச் சாட்சியம் சொல்ல வைக்கும் யோசனையை யாரேனும் முன்வைத்தால், அவர் தாமாக விரும்பிக் கேட்டிருந்தாலொழிய, மறுத்துவிடுங்கள். விரும்பிக் கேட்டிருந்தாலும், வீட்டாருடன் பேசிவிட்டு ஒரு மாதங்கழித்து மீண்டும் அவரிடம் கேளுங்கள்.